ரோட்டாக்ஸ் 912 (குட்டி விமான இன்ஜின்) ஐடில்ல ரொம்ப நடுங்குது, ப்ரொப்பா (ப்ரொப்பெல்லர்) கார்பா (கார்புரேட்டர்)?

கிள்ளான்_பறவை: அண்ணே, நானே கட்டுன ரெண்டு சீட்டர் விமானம், இன்ஜின் 912 யூஎல்எஸ். 4000 ஆர்பிஎம்ல ரெண்டு இக்னிஷனையும் ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணி செக் பண்ணா ரெண்டு பக்கமும் 100 ஆர்பிஎம் தான் குறையுது, ஸ்மூத்தாவும் இருக்கு, ஆனா ஐடிலுக்கு வந்தா கண்ணாடியெல்லாம் கடகடன்னு ஆடுது. ப்ரொப் பேலன்ஸ் போச்சா?

சுபாங்_ஸ்பேனர்: ப்ரொப்ப திட்டாதீங்க லா. பேலன்ஸ் கோளாறுன்னா ஆர்பிஎம் ஏற ஏற ஆட்டமும் கூடும். ரெண்டு கார்புரேட்டரையும் வேக்யூம் கேஜ் போட்டு சமம் பண்ணுங்க, ஐடில் 1400க்கு கீழ இறக்காதீங்க, கியர்பாக்ஸ் அடி வாங்கும். சமம் பண்றப்ப உங்க முதுகுக்கு பின்னாடி ப்ரொப் சுத்துது, பாத்து.

பினாங்கு_மாமா: கார்புக்குள்ள பெட்ரோல்ல மிதக்குற ஃப்ளோட்டையும் கழட்டி எடை போடுங்க தம்பி, பெட்ரோல் ஊறி கனத்துடும். ஒரு கார்புல இருக்குற ஜோடி 7 கிராம தாண்டுனா மாத்திடணும். எனக்கு அதான் ஆச்சு, ரெண்டு மாசம் த்ராட்டில் கேபிளையே நோண்டிட்டு கெடந்தேன்.

கிள்ளான்_பறவை: ஒரு பக்கம் கேபிள் லூசு அண்ணே! சமம் பண்ணதும் ஆட்டம் நின்னுச்சு. ஃப்ளோட் நாளைக்கு பாக்குறேன், நகைக்கடை தராசு இரவல் கேட்டிருக்கேன்.