கூடம், பால் கிளாஸ், கதவோரம்: மெகா சீரியல் வேலை தெரிந்தவர்களின் பகிர்வு

தொடங்கி வைப்பவர்

எல்லாக் கதையும் ஏன் ஒரே கூடத்தில் நடக்கிறது? கல்யாணம் ஏன் 2 வாரம் ஓடுகிறது? எப்போதும் யாராவது ஒருவர் கதவோரம் நிற்பது ஏன்? "ஜனங்க ரசனை அப்படி" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஆனால் பாதிக் காரணம் கணக்கில் இருக்கிறது. அரை மணி ஸ்லாட்டில் விளம்பர நேரம் போக, கதைக்குக் கிடைப்பது 20, 22 நிமிடம். திங்கள் முதல் வெள்ளி வரை என்று இருந்தது பல தொடர்களுக்கு சனிக்கிழமையையும் சேர்த்து 6 நாளாகிவிட்டது. 21 நிமிடம் என்றே வைத்தாலும் வாரத்துக்கு 126 நிமிடம். வாரம் தவறாமல் ஒரு முழுநீள சினிமா எடுப்பதற்குச் சமம். இந்தக் கணக்குக்குள் நின்றுதான் பாத்திரமும் கதையும் வீடும் உருவாகின்றன. எந்த இடத்தில் என்ன பார்த்தீர்கள், எது ஏன் கெடுகிறது என்று நுணுக்கமாக எழுதுங்கள்.

திரைக்கதைப் பக்கமிருந்து

கூட்டுக் குடும்பத்தில் ஆரம்பிக்கிறேன். நிறைய தொடர்கள் எடுக்கப்படுவது சென்னையில் வாடகைக்கு எடுத்த பங்களாக்களில். வீடு பார்க்கும்போது முதலில் பார்ப்பது மாடிப்படி கூடத்துக்குள்ளேயே இறங்குகிறதா என்பதைத்தான். படி உள்ளே இருந்தால் மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, வாசலில் ஒருவர் என்று மூன்று உயரத்தில் ஆள் நிறுத்தலாம். சண்டைக் காட்சிக்கு வேறு எதுவும் வேண்டாம். கூடத்தைப் பார்த்தபடி பூஜை அறை, ஓர் ஓரத்தில் சமையலறை வாசல், மேலே மொட்டை மாடி. இவ்வளவு இருந்தால் லைட்டை அதிகம் நகர்த்தாமல் ஒரே நாளில் பல சீன் முடிக்கலாம். அதே வீட்டின் பின்பக்க அறை, திரைச்சீலையும் காலண்டரும் மாறினால் சம்பந்தி வீடாகிவிடும்.

ஆகவே மருமகள்கள் தனிக்குடித்தனம் போவதாகக் கதை எழுதும்போதெல்லாம் தயாரிப்பு மேனேஜர் முகம் மாறும். தனிக்குடித்தனம் என்றால் இன்னொரு வாடகை, இன்னொரு லைட்டிங். போனவர்கள் 3 வாரத்தில் பெட்டியோடு திரும்பி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். குடும்பத்தைத் தொழிலோடு கட்டிவிட்டால் இந்தச் சிக்கல் குறையும். 2018இல் விஜய் டிவியில் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' அண்ணன் தம்பிகளையும் மளிகைக் கடையையும் சேர்த்து வைத்தது. கடை ஒன்று, வீடு ஒன்று. யாரும் விலகிப் போக முடியாததற்குக் கதையிலேயே காரணம் இருந்தது. வலுவான கட்டமைப்பு அது.

கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர்

ஒரு சீனிலிருந்து அடுத்ததுக்குப் பூ, உடை, பொருள் எதுவும் மாறிவிடாமல் பார்ப்பதுதான் கன்டினியூட்டி. சீன்கள் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. கூடத்து சீன் எல்லாம் சேர்த்து ஒரு மூச்சு, சமையலறை எல்லாம் சேர்த்து ஒரு மூச்சு. முதலில் காட்டிக்கொடுப்பது தலைப்பூ. காலையில் வைத்த மல்லிகை மொட்டாக இருக்கும், சாயங்காலம் மலர்ந்துவிடும். கதையில் முந்தைய சீனை மாலையில் எடுத்தால், அவள் விரிந்த பூவோடு கூடத்தில் பேசிவிட்டு மொட்டோடு சமையலறைக்குள் நுழைவாள். அதே நாள் சீன்களுக்குப் பூச்சரத்தைக் குளிரில் வைத்திருந்து மாற்ற வேண்டும், அல்லது நெருக்கக் காட்சிகளை ஒரே வேளையில் முடிக்க வேண்டும். தாலி புடவைக்கு வெளியிலா உள்ளேயா, வகிட்டில் குங்குமம் இருந்ததா, இடது கையில் எத்தனை வளையல் என்பதையெல்லாம் ஒவ்வொரு சீன் முடிவிலும் செல்போனில் படம் பிடித்து, சீன் எண்ணோடு சேமிக்கிறோம்.

அடுத்தது விஷம் கலந்த பால். இதற்கு எவர்சில்வர் டம்ளர் ஆகாது. பால் எவ்வளவு இருக்கிறது, யார் எவ்வளவு குடித்தார் என்று வெளியிலிருந்து தெரிய வேண்டும், ஆகவே கண்ணாடி கிளாஸ்தான். கிளாஸ் மாறிப்போகும் கதையானால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு கண்ணில் படவேண்டும்: ஒன்றில் பூ வேலைப்பாடு, அல்லது ஒன்றின் கீழ் தட்டு. பல தடவை இது கோட்டைவிடப்பட்டு, எந்த கிளாஸில் மருந்து என்று பார்க்கிறவர் குழம்பி, பதற்றம் பொசுக்கென்று போய்விடுகிறது. இன்னொன்று, பால் ஆறினால் ஆடை கட்டும். "சூடா இருக்கும்போதே குடிங்க அத்தை" என்று மருமகள் நீட்டும் கிளாஸில் மேலே ஆடை மிதந்தால் வசனம் அங்கேயே செத்துவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் ஆடையை எடுத்து, அளவை அதே கோட்டுக்கு நிரப்ப ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

வசனம் எழுதுகிறவர்

ஒட்டுக்கேட்பதைப் பற்றி விரிவாகவே சொல்லிவிடுகிறேன். சீரியலின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மெகா தொடரில் கதையை நகர்த்துவது சம்பவத்தைவிட ரகசியம். யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்பதுதான் கையிலிருக்கும் மூலதனம். ஒரு ரகசியத்தை 10 பேர் கொண்ட வீட்டில் ஒவ்வொருவராகத் தெரிந்துகொள்ள வைத்தால் பல வாரம் ஓடும். தெரிய வைக்க மலிவான வழி கதவோரம்: புதிய இடம் வேண்டாம், புதிய ஆள் வேண்டாம், ஒரே ஒரு ஷாட் போதும்.

கெடுவது எங்கே என்றால், 100 எபிசோட் தாண்டியபின் எழுதுகிறவர்களுக்கே மறந்துவிடும். திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர், நடுவில் ஆள் மாற்றம். நாத்தனார் தனக்கு ஆடி மாதமே தெரிந்த விஷயத்தைத் தை மாதத்தில் புதிதாகக் கேட்டு அதிர்ச்சி அடைவாள். தினமும் பார்க்கும் அம்மாக்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள். "இவளுக்குத்தான் அப்பவே தெரியுமே!" என்று டிவியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த சேனலுக்குப் போய்விடுவார்கள்.

இதற்கு ஒரு நோட்டு வேண்டும். இடப்பக்கம் ரகசியங்கள், மேலே பாத்திரங்களின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம்: எந்த எபிசோடில் தெரிந்தது, எப்படித் தெரிந்தது (கேட்டாரா, பார்த்தாரா, யாராவது சொன்னார்களா), தெரிந்ததும் யாரிடம் சொன்னார். நாலாவதாக ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நல்லது: தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்த ட்ராக், அதாவது அந்தக் கிளைக்கதை, ஓட்டை. "நேரம் வரட்டும்" என்று மனக்குரலில் ஒரு வரி போட்டு அடைக்கப் பார்ப்பார்கள், ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. சொன்னால் அவளுக்கே ஒரு நஷ்டம் வர வேண்டும். தாலி பிரச்சினையோ, தம்பி வேலையோ, நகைச் சீட்டோ, கையில் தொட்டுக் காட்டக்கூடிய நஷ்டமாக இருக்க வேண்டும்.

கதவுக்கும் ஒரு இலக்கணம் உண்டு. கேட்கிறவள் முழுசாகக் கேட்கக்கூடாது. பாதி வாக்கியத்தில் அவளை யாராவது கூப்பிட வேண்டும். அரைகுறையாகக் கேட்ட வாக்கியம் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டால் ஒரு ட்ராக்குக்கு இரண்டு ட்ராக் கிடைக்கும்.

எடிட்டிங்கிலிருந்து

கல்யாண வாரம் ஏன் நீளுகிறது என்று கேட்டிருந்தார்கள். எல்லா நடிகரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம், பட்டுப்புடவை, மேளம், மண்டபம், கூடவே ரேட்டிங். பல நடிகர்களின் கால்ஷீட்டை ஒன்றாக வாங்குவது லேசான காரியமில்லை, வாங்கிவிட்டால் முடிந்தவரை எடுத்துக்கொள்வார்கள். மண்டபத்தில் 14 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். "நிறுத்துங்க!" என்று வாசலில் குரல். ஆளுக்கு 3 விநாடி ரியாக்ஷன் போட்டால் 42 விநாடி. அதையே ஜூமில் ஒரு சுற்று, பக்கவாட்டில் ஒரு சுற்று சேர்த்தால் 2 நிமிடத்தைத் தாண்டிவிடும். 21 நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கு.

ரியாக்ஷன் தப்பில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே அதிர்ச்சி கொடுப்பது தப்பு. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நிம்மதி, பெண்ணின் தங்கைக்குப் பயம், வில்லிக்குத் தன் திட்டம் இதுவல்லவே என்ற குழப்பம் என்று மூன்று முகம் மூன்று விதமாக இருந்தால் அந்த 42 விநாடியும் கதை சொல்லும். ஷூட்டிங்கில் இதைச் சொல்லாமல் "எல்லாரும் ஷாக்கா பாருங்க" என்று வரிசையாக எடுத்துக் கொடுத்துவிட்டால் எடிட்டிங்கில் ஒன்றும் செய்ய முடியாது.

ஆஸ்பத்திரி சீன் பற்றிச் சுருக்கமாக

ஒரு கட்டில், ஒரு பச்சைத் திரைச்சீலை, ஒரு மானிட்டர். "24 மணி நேரம் போனாத்தான் சொல்ல முடியும்" என்ற டாக்டர் வசனம் அடுத்த நாள் எபிசோடுக்கு மக்களை இழுக்கத்தான். அடிக்கடி தவறுவது இரண்டு: பேசும் ஆளின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தும் குரல் தெளிவாகக் கேட்பது, டிரிப் பாட்டிலின் அளவு சீனுக்கு சீன் ஏறி இறங்குவது.

ரீமேக் வேலை தெரிந்தவர்

ஒன்றை யாரும் சொல்லவில்லை. பிறமொழித் தொடர்களை இங்கே எடுக்கும்போது முதலில் இடிப்பது உறவுமுறை. 'பாக்கியலட்சுமி' வங்காளத்தின் 'ஸ்ரீமயி'யிலிருந்து வந்தது, 'பாரதி கண்ணம்மா' மலையாளத்தின் 'கருத்தமுத்து'விலிருந்து. வடக்கே அத்தை மகளும் மாமா மகளும் தங்கை முறை. வீட்டில் தங்கிப் படிக்கும் அத்தை மகள் அங்கே நாயகனுக்கு ராக்கி கட்டுவாள். அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால், பார்க்கிறவர்கள் முதல் நாளே "முறைப்பொண்ணு வீட்டுல இருக்கா, இவன் ஏன் வெளியில பொண்ணு தேடுறான்?" என்று கேட்பார்கள். ஒன்று அவளைச் சித்தப்பா மகளாக மாற்ற வேண்டும், அல்லது முறைப்பெண் என்ற உரிமையையே பகையாக்க வேண்டும். இரண்டாவதைச் செய்தால் ஒரு வில்லி இலவசமாகக் கிடைக்கிறாள், அவள் கோபத்துக்கு நியாயமும் இருக்கும்.

பல ஆண்டாகத் தொடர்ந்து பார்ப்பவர்

அந்த நியாயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். 2013 முதல் 2018 வரை ஓடிய 'தெய்வமகள்' காயத்ரியை இன்னமும் "அண்ணியார்" என்றால் தெரியாதவர் இல்லை. அவளுக்கு வீட்டில் ஓர் இடம் இருந்தது, சொத்தில் ஒரு கண் இருந்தது, ஒவ்வொரு சூழ்ச்சிக்கும் ஒரு கணக்கு இருந்தது. வெறுமனே புருவம் உயர்த்தி, நாலு மூலையையும் பார்க்கும் வில்லிகளின் பெயர் நமக்கு நினைவில் இல்லை. கெட்டவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே வீட்டை ஆட்டிவைத்தார். அவராக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபின் அந்த வேடத்தை வேல ராமமூர்த்தி ஏற்றார்.

"இவருக்குப் பதில் இவர்" என்று கீழே ஓடவிடும் வரியை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் புது நடிகருக்கு முதல் நாளே பெரிய அழுகையைக் கொடுத்தால் மனது ஒட்டாது. ஒரு வாரம் அன்றாடக் காட்சி: காபி போடுவது, குழந்தைக்குத் தலை வாருவது. பழைய பாத்திரத்தின் ஒரு பழக்கத்தையாவது அவர் கையில் எடுக்க வேண்டும். பிறகு அழட்டும், நாமும் அழுவோம்.

மீண்டும் திரைக்கதைப் பக்கமிருந்து

கதையின் நாளும் காலண்டர் நாளும் மோதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கதையில் ஒரு பகல் 2 வாரம் ஓடும். அதற்குள் தீபாவளி வந்துவிடும், சேனல் தீபாவளி சீன் கேட்கும். கொலைப்பழி சுமந்து ஜெயிலில் இருப்பவளை வைத்துக்கொண்டு வீட்டில் மத்தாப்பு கொளுத்த முடியாது. பண்டிகைத் தேதிகளை 2 மாதம் முன்பே ஒன்லைனில் (கதைச் சுருக்கத்தில்) குறித்துவிட்டு, அந்த வாரம் வீடு சிரிக்கும் நிலையில் இருக்குமாறு ட்ராக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும்.

இதைவிடத் தொல்லை கர்ப்பம். வாந்தி எடுத்து நாடி பார்த்த எபிசோட் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த வரியில் வளைகாப்பு எந்த எபிசோட், அதற்கடுத்து பிரசவம். வீட்டில் இரண்டு ஓரகத்திகளும் கர்ப்பம் என்றால் இரண்டு வரிசை, வேறு வேறு மையில். பின்னால் கர்ப்பமானவளுக்கு முதலில் குழந்தை பிறந்துவிடக் கூடாது.