நூறு டன் டம்பரில் இருந்து 15 விநாடியில் இறங்கலாமா?

பழைய டம்பர்:
இந்த மன்றத்தின் டயர் பற்றிய திரியில் ஒருவர் போகிற போக்கில் இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: “தீப்பிடித்தால் என்ன, நூறு டன் டம்பரில் இருந்து ஆபரேட்டர் 15 விநாடியில் இறங்கிவிடலாம். வலப்பக்க ஏணியெல்லாம் ஆடிட்டுக்குக் காட்ட வைத்தது.” படித்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நூறு டன் சுமக்கும் இந்த ராட்சத லாரியை வடக்கே திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் பத்தொன்பது வருடம் ஓட்டியவன் நான். 15 விநாடியில் இறங்கிய அந்தப் புண்ணியவான் யார்?

டிப்ளமோ மைனிங்:
நான்தான் சார். பயிற்சியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தோம். 15 விநாடி. மேல் மேடைக்கும் தரைக்கும் மூன்று மீட்டர் சொச்சம், அவ்வளவுதானே? அதோடு வண்டியில் தீயைத் தானே கண்டுபிடித்து அணைக்கும் ஏ.எஃப்.டி.எஸ்.எஸ். இருக்கிறது. வெப்பம் ஏறினால் உணர்வு ஒயர் உருகும், பவுடர் தானே பாயும். கனரக வண்டிகளில் இது இருக்க வேண்டும் என்று சுரங்கப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டி.ஜி.எம்.எஸ். சொல்லி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

பழைய டம்பர்:
தம்பி, உணர்வு ஒயர் பாடம் எனக்கு வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். இரவு ஷிஃப்ட், முழு லோடு, ரேம்ப் ஏறிக்கொண்டிருக்கிறேன். ஹைட்ராலிக் ஹோஸில் ஊசித்துளை. எண்ணெய் பனி மாதிரி பீய்ச்சி இன்ஜினின் கொதிக்கிற டர்போ மேல் விழுந்திருக்கிறது. எனக்கு முதலில் தெரிந்தது தீ இல்லை. கண்ணாடியில் தூசி ஆரஞ்சாக மாறியதுதான் தெரிந்தது. பின்னால் வருகிறவன் லைட் என்று நினைத்தேன். அதற்குள் பானெட் இடுக்கில் நாக்கு நீட்டிவிட்டது.

பார்க்கிங் பிரேக் போட்டேன், இன்ஜினை அணைத்தேன். அணைக்காவிட்டால் பம்பு ஓடும், நெருப்புக்கு நாமே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்போம். பவுடரைப் பாய்ச்சும் சிவப்புக் குமிழை அடித்தேன். ரேடியோவில் கத்தினேன். சீட் பெல்ட் பக்கிளில் நிலக்கரித் தூள், இரண்டு தடவை அழுத்தியும் திறக்கவில்லை. கதவைத் திறந்தால் பவுடர் பாய்ந்து மாவு மில் மாதிரி வெள்ளைப் புகை, ஏணி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவின் வார் பூட்ஸில் மாட்டிக்கொண்டது வேறு. இதையெல்லாம் எந்த ஸ்டாப்வாட்ச் எண்ணியது?

ஒர்க்‌ஷாப் ஆள்:
அண்ணே, சண்டை போடுவதற்கு முன்னால் ஒன்று கேட்கட்டுமா? 15 விநாடி எதில் இருந்து? சீட்டில் இருந்தா, கதவில் இருந்தா, வண்டி நின்றதில் இருந்தா?

டிப்ளமோ மைனிங்:
15 விநாடி என்றால் 15 விநாடிதான் சார். சாப்பாட்டு டப்பாவை கேபினில் ஏன் தரையில் வைத்தீர்கள்? அது விதிமீறல் இல்லையா?

பழைய டம்பர்:
பார்த்தீர்களா? நான் எரிந்து சாகப் பார்த்த கதையில் இவருக்கு டப்பாதான் கண்ணில் பட்டது. போன மாதம் ரிடார்டர் (இறக்கத்தில் வேகத்தை அடக்கும் அமைப்பு) விவாதத்திலும் இதே வேலைதான் செய்தார். இறக்கத்தில் சர்வீஸ் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகலாம் என்று சொன்னவர்தானே இவர்!

டிப்ளமோ மைனிங்:
நான் அப்படிச் சொல்லவில்லை. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

பில்பரா பக்கம்:
மேற்கு ஆஸ்திரேலியாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே ஓடுவதில் பாதிக்கு மேல் 200 டன்னைத் தாண்டிய வண்டிகள், உங்கள் நூறு டன் பொம்மை மாதிரி. தீ அணைந்தாலும் விஷயம் முடியாது. டயர் சூடேறியிருந்தால் உள்ளே ரப்பர் வெந்து வாயு சேரும், மணிக்கணக்கில் கழித்துக்கூட வெடிக்கும். 300 மீட்டர் தள்ளிப் போய்விட வேண்டும், 24 மணி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது. இறங்குவதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்களே, ஓடுவதை யார் எண்ணுவது?

பழைய டம்பர்:
பொம்மையா? அந்தப் பொம்மையின் டயர் உங்களை விட உயரம் சார். ஏசி கேபினும் டாலர் சம்பளமும் வந்ததும் ஊர் வண்டி பொம்மையாகிவிட்டது.

நெய்வேலிக்காரன்:
எங்கள் ஊரில் மண்ணை வெட்டி அள்ளும் பக்கெட் வீலும் கன்வேயரும்தான் ராஜா. டம்பர் எல்லாம் எடுபிடி. கன்வேயர் பெல்ட் தீப்பிடித்தால் எப்படி இருக்கும் தெரியுமா உங்களுக்கு?

பழைய டம்பர்:
தெரியும், அதற்குத் தனியாகத் திரி போடுங்கள். இங்கே பேச்சு 15 விநாடி பற்றி.

ஒர்க்‌ஷாப் ஆள்:
வலப்பக்க ஏணி பற்றியும் அண்ணே. அதைத்தான் எல்லாரும் மறந்துவிட்டீர்கள். கேபின் இடது பக்கம். வலது ஏணிக்குப் போக வேண்டுமென்றால் இன்ஜின் மேல் இருக்கிற மேடையில் குறுக்கே நடக்க வேண்டும். எரிவதே அதற்கு அடியில்தான். தகரம் சூடாகி பூட்ஸ் சோல் ஒட்டும். ஆனால் தீ இடது பக்கம் என்றால் அது ஒன்றுதான் வழி. அதனால் வலது ஏணி கண்துடைப்பும் இல்லை, காப்பாற்றும் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. நான் பார்த்த வண்டிகளில் அதில்தான் கிரீஸ் டின்னைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்.

டிப்ளமோ மைனிங்:
ஐ.எஸ்.ஓ. 2867 படித்திருக்கிறீர்களா? ஏணி, படி, கைப்பிடி, மாற்று வழி எல்லாம் அதில் இருக்கிறது. அதன்படி செய்த வண்டியில் 15 விநாடி தாராளம்.

பழைய டம்பர்:
2867 ஏணிக்கு அளவு சொல்லும். என் முழங்காலுக்கு யார் அளவு சொல்வார்? 52 வயதுக்காரன் ராத்திரி மூன்று மணிக்கு, கண் எரிய, தலைகால் தெரியாத புகையில், வண்டிக்கு முகத்தைக் காட்டி, கை கால் நான்கில் மூன்று பிடி விடாமல் இறங்க வேண்டும். அவசரத்தில் குதித்தவனுக்குக் கணுக்கால் போனது. நான் பார்த்தது. கால் உடைந்தவன் 300 மீட்டர் எப்படிப் போவான்? (பில்பராக்காரர் சொன்னதில் இது ஒன்று சரி. பொம்மை என்றதை மறக்கவில்லை.)

பில்பரா பக்கம்:
நன்றி சொல்வதா, கோபப்படுவதா தெரியவில்லை.

டிப்ளமோ மைனிங்:
குதிக்கச் சொன்னது யார்? ஞாயிற்றுக்கிழமை யார்டில் நானே இறங்கி வீடியோ போடுகிறேன். 15 விநாடி. அப்புறம் பேசுங்கள்.

பழைய டம்பர்:
போடுங்கள். பெல்ட் போட்டு உட்கார்ந்து, இன்ஜின் ஓட, கண்ணாடியில் மாவு தடவிக்கொண்டு போடுங்கள். கடைசிப் படி சங்கிலியில் ஆடுகிற வண்டியாகவும் இருக்கட்டும். நட்ட ஏணி வைத்த யார்டு வண்டியைக் காட்டி ஏமாற்ற வேண்டாம்.

டிப்ளமோ மைனிங்:
கடைசிப் படி சங்கிலியில் இல்லை சார், கம்பி வடத்தில். பத்தொன்பது வருடம் ஓட்டினேன் என்கிறீர்கள், இது கூடத் தெரியாதா?

பழைய டம்பர்:
எங்கள் வண்டியில் சங்கிலி.

நெய்வேலிக்காரன்:
எங்கள் பக்கம் ரப்பர் பட்டை.