கலைச்சொல் இழை: 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனைக்கு ஒரு பெயர் வேண்டும்

ஈரோட்டிலிருந்து, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். ஒரு ஆய்வகத்தில் நோயாளிகள் கையில் கொடுக்கும் தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று அறிய, ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைப் பிடித்து, அதில் மெட்டாநெஃப்ரின் என்ற வேதிப்பொருளின் அளவைப் பார்ப்பார்கள். பழைய தாளில் இதற்கு ‘அழுத்த ஹார்மோன் பரிசோதனை’ என்று பெயர்.

போன வாரம் அந்தியூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “எனக்கு மனசுல ஒரு வெசனமும் இல்லீங்க, தலைவலியும் வேர்வையும்தானுங்க” என்றார். அவருக்கு ரத்த அழுத்தம் திடீர் திடீரென்று ஏறி இறங்குகிறது. அதோடு, பிடிக்கும் சிறுநீர் கெடாமல் இருக்கக் கேனின் அடியில் ஊற்றிக் கொடுத்திருந்த அமிலத்தை அழுக்குத் தண்ணீர் என்று நினைத்துக் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பிறகுதான் பிடித்திருக்கிறார். அவ்வளவும் வீண். தாளில் அமிலம் என்ற சொல்லே இல்லை. அவர்மேல் என்ன தப்பு? நல்ல பெயர் ஒன்று சொல்லுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து, செவ்வாய் காலை

முதலில் அட்ரினலை விடுங்கள் தம்பி. அண்ணீரகம் என்ற சொல் இருக்கிறது. அண் + நீரகம். கண் + நீர் கண்ணீர் ஆவதைப் போல. அண் என்றால் மேல். அண்ணாந்து பார், அண்ணம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. அண்மை என்றால் பக்கம். அட்ரினல் என்ற லத்தீன் சொல்லுக்குச் சிறுநீரகத்தின் பக்கத்தில் என்று பொருள்; அந்தச் சுரப்பியில் சுரக்கும் அட்ரினலினுக்கு மறுபெயரான எபிநெஃப்ரின் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சிறுநீரகத்தின் மேல் என்று பொருள். அவர்கள் இரண்டு மொழியில் இரண்டு சொல்லாகச் சொன்னதை நம் ‘அண்’ ஒன்றே சொல்லிவிடுகிறது. இதை விட மனம் வருமா?

கோவையிலிருந்து, செவ்வாய் மாலை

ஐயா சொன்னது அழகு. ஆனால் சிக்கல் ‘அழுத்தம்’ என்பதில்தான் இருக்கிறது. கார்டிசாலும் அழுத்த ஹார்மோன்தான். அது சுரப்பியின் புறணியில், அதாவது வெளிப்பகுதியில், சுரப்பது. அட்ரினலின் என்ற ஹார்மோன் அகணியில், அதாவது உள்பகுதியில், சுரப்பது. கார்டிசாலுக்கும் ஒரு நாள் சிறுநீர் பிடிப்பார்கள். பல ஆய்வகங்களில் அதற்கு அமிலம் வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கேன் மாறிப்போகும்.

மெட்டாநெஃப்ரின் என்பது அட்ரினலின் சிதைந்து வருவது. அகணிக் கட்டி அட்ரினலினை விட்டு விட்டுத்தான் ரத்தத்தில் கொட்டும். ஆனால் அந்தச் சிதைவு கட்டியின் செல்லுக்குள்ளேயே ஓயாமல் நடக்கும். அதனால்தான் இதை அளக்கிறோம். இந்த ஹார்மோன்களுக்குப் பொதுச்சொல் வேண்டுமென்றால் ‘மெய்ப்பாட்டு நீர்’ எனலாமே! அச்சம், வெகுளி, உவகை எதுவானாலும் உள்ளம் உணர்ந்தது உடம்பில் வேர்வையாக, நடுக்கமாக வெளிப்படுவதுதானே மெய்ப்பாடு? இந்தக் கட்டி உள்ளவருக்கு அச்சமே இல்லாமல் அச்சத்தின் மெய்ப்பாடு மட்டும் வருகிறது. இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தாராபுரத்திலிருந்து, புதன்

சித்த மருத்துவத்தில் ‘நீர்க்குறி’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? நிறம், மணம், நுரை, எடை, அளவு பார்ப்பது நீர்க்குறி. எண்ணெய்த் துளி விட்டு, பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாகப் பரவினால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்று பார்ப்பது நெய்க்குறி. சிறுநீர் பார்த்து நோய் சொல்வது நமக்குப் புதிதல்ல. ‘அண்ணீரக நீர்க்குறி’ என்று வையுங்கள்.

கோவையிலிருந்து, புதன்

நீர்க்குறிக்கு ஏற்கெனவே ஒரு துல்லியமான பொருள் இருக்கிறதே ஐயா. அதைப் பிடுங்கி வேறொன்றுக்கு வைத்தால் இரண்டும் கெடும்.

பொள்ளாச்சியிலிருந்து, புதன் இரவு

சரி, 24 மணி நேரச் சிறுநீருக்கு ஒரே சொல் தருகிறேன். நாள் + நீர் = நாணீர். கோள் + நிலை கோணிலை ஆவதைப் போல. நாணீர்ச் சோதனை. சுருக்கமாக, இலக்கணத்தோடு இருக்கிறது.

கோபியிலிருந்து, வியாழன் காலை

ஐயா, நான் வார்டில் செவிலியர். உங்கள் மாணவி வயதுதான் எனக்கு. நாண்மலர் என்றால் அன்று காலையில் பூத்தது என்று நீங்கள்தான் ஒருமுறை இங்கே எழுதினீர்கள். அப்படியானால் நாணீர் என்பது விடிந்ததும் போகும் முதல் சிறுநீர் ஆகிவிடாதா? அதைத்தான் நாங்கள் பிடிக்காதீர்கள் என்கிறோம். காலை 6 மணிக்கு முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் போவதெல்லாம் கேனில். மறுநாள் 6 மணிக்குப் போவதும் கேனில். பாதிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்கள் கேனை மஞ்சப்பைக்குள் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் படிக்கும் தாளில் ‘நாண்’ என்று தொடங்கும் சொல் வேண்டாம்.

பொள்ளாச்சியிலிருந்து, வியாழன்

நீங்கள் சொல்வது சரி அம்மணி. நாணீரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அண்ணீரகத்தை விடமாட்டேன்.

ஈரோட்டிலிருந்து, வெள்ளி மாலை

எல்லோருக்கும் நன்றி. ‘அட்ரினல் கட்டி அறிய ஒரு நாள் சிறுநீர்ச் சோதனை’ என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று பேர் சரி என்றீர்கள், தாராபுரத்து ஐயா பதில் எழுதவில்லை. மெய்ப்பாட்டு நீர் எனக்கும் பிடித்தது, ஆனால் இந்தத் தாளில் அதற்கு இடமில்லை. கட்டி என்றதும் புற்று என்று பயப்படுவார்கள் என்பதால், இவற்றில் பெரும்பாலானவை புற்று அல்ல என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கேனில் ஒட்டும் சீட்டில் பெரிய எழுத்தில்: ‘உள்ளே அமிலம் இருக்கிறது. கழுவாதீர்கள், கையில் பட விடாதீர்கள்.’ பெரியவர் இரண்டாவது கேனை நேற்றுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மூடிமேல் சுண்ணாம்பால் மணி எழுதியிருந்தார்.

பொள்ளாச்சியிலிருந்து, வெள்ளி இரவு

அவசரத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். என் மறுப்பு இழையில் இருக்கட்டும். அடுத்த பதிப்பில் அண்ணீரகம் என்று ஓர் இடத்திலாவது போடுங்கள். கண்ணீர் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இது கடினமில்லை.