மணல் அகழ்ந்த காணியிலிருந்து வரும் மாரி வெள்ளம்: ஆலோசனை தேவை

வணக்கம். இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்து வடமராட்சி கிழக்கில், எங்கள் குடியிருப்புக்கு மேட்டுப்புறமாக மணல் அகழப்பட்ட காணியொன்று இருக்கிறது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரியில், பற்றையும் புல்லும் அகற்றப்பட்ட அந்த நிலத்திலிருந்து வரும் கலங்கல் நீர், டிப்பர் தடங்களையே வாய்க்காலாக்கிக்கொண்டு இறங்கி, ஒழுங்கை மதகை மணலால் அடைத்துவிட்டுத் தோட்டங்களுக்குள் ஏறுகிறது. கத்தரிக் கன்றுகளின் அடியில் வண்டற்படை காய்ந்து வெடித்துக் கிடக்கிறது.

குழிக்கு மேற்பக்கம் அணை போட்டு நல்ல மழைநீரைத் திருப்புவதும், கீழ்ப்பக்கம் படிவுக் குட்டை (கலங்கல் நீரைத் தேக்கி மண்ணை அடியில் தங்கவைக்கும் குட்டை) வெட்டுவதும் வழக்கமான முறைகள் என அறிவோம். பருமணல் உடனே அடியில் தங்கிவிடும். ஆனால் நுண்ணிய களித்துகள் தங்க மணித்தியாலங்கள், சிலவேளை நாட்களும் ஆகும் என்பதால், குட்டையின் நீளத்தையும் நீர் வெளியேறும் வாயின் உயரத்தையும் எவ்வாறு கணிப்பது என்று அனுபவமுள்ள பொறியியலாளர்கள் சொல்லித் தர வேண்டும். குடிநீர்க் கிணறுகள் அருகிலேயே இருப்பதால், தேங்கும் நீரோடு வாகன எண்ணெய் நிலத்தடிக்கு இறங்கிவிடக் கூடாது என்பதே எங்கள் பெரும் கவலை. அணையின் மண் அரிபடாமல் இராவணன் மீசைப் புல் (கடற்கரை மணலில் படரும் முட்புல்) பிடித்துவைக்குமா? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் நிலத்தைச் சீரமைக்கக் கோரி மனு எழுதியவர்கள் அதன் மாதிரியையும் தயவுசெய்து பகிருங்கள்.