பழைய மெட்ராஸ் போஸ்ட்கார்டு எந்த வருஷம்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

ஹைகோர்ட், மவுண்ட் ரோடு, மசூலா படகுல (அலைய தாண்டி கரைக்கு வர்ற பழைய படகு) சரக்கு இறக்குறதுன்னு கொஞ்சம் சேர்த்திருக்கேன், ஹிக்கின்பாதம்ஸ்னு (மெட்ராஸ் புத்தகக் கடை) போட்டிருக்கு ஆனா தேதியே இல்ல. எப்படி கணிக்கிறது?

பதில் 1: பின்பக்கம் பாருங்க ப்ரோ. நடுவுல கோடு இல்லாம அட்ரஸுக்கு மட்டும் இடம் இருந்தா 1900 ஒட்டின கார்டு, அப்போல்லாம் சேதியை படத்து பக்கமே ஓரமா நுணுக்கி எழுதுவாங்க. ஸ்டாம்ப்ல ஏழாம் எட்வர்டு தலை இருந்தா 1902க்கு அப்புறம் அனுப்பினது.

பதில் 2: கட்டடமும் சொல்லும். ரிப்பன் பில்டிங் திறந்தது 1913, அது முழுசா தெரிஞ்சா அந்த காலத்துக்கு ரொம்ப முந்தினது கிடையாது. லென்ஸ் வெச்சு பாக்குறப்ப அச்சுப் புள்ளியே இல்லன்னா, அச்சடிக்காம போட்டோ பேப்பர்லயே பிரிண்ட் போட்ட நிஜ போட்டோ கார்டா இருக்கலாம், விட்டுடாதீங்க!

பதில் 3: எனக்கு கட்டடத்தை விட ஜட்கா வண்டி, தண்ணி தூக்குறவங்க, கடைத்தெரு கார்டுதான் உசிரு. எழுதின கார்டுன்னு ஒதுக்காதீங்க, தபால் முத்திரைல தேதி கிடைக்கும். பிவிசி கவர் மட்டும் வேண்டாம், நாளாக நாளாக கார்டை கெடுத்துடும்.