[கலைச்சொல்] கார் மேல் சைக்கிள் ஏற்றும் ரேக்குக்குப் பெயர் வேண்டும் – வெள்ளிக்குள்

மலைவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் ஒரு சைக்கிள் குழுவில் இருக்கிறேன். ஞாயிறு விடியுமுன் சைக்கிள்களைக் காரில் ஏற்றி மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ மிதிப்போம். ஏற்றி இறக்குவது பெரும்பாலும் வாடகைக் கார் ஓட்டுநர்கள்தான். அவர்கள் கையில் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை தமிழில் தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.

கூரையில் மாட்டும் ரேக்கில் மூன்று வகை புழங்குகிறது. முதல் வகை, சைக்கிளின் கீழ்க்குழாயைக் கிளாம்ப் போட்டுப் பிடிக்கும். இரண்டாவது, முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஃபோர்க்கின் (அந்தச் சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் இரட்டைக் கால்) நுனியைப் பூட்டிக்கொள்ளும். மூன்றாவது டயரை மட்டும் அழுத்திப் பிடிக்கும். குழாய்மேல் படவே படாது. கார்பன் இழையில் செய்த சைக்கிளை முதல் வகையில் ஏற்றக் கூடாது. அந்தக் குழாய் மூங்கில் மாதிரி. நீளவாக்கில் எவ்வளவு பாரமும் தாங்கும், பக்கவாட்டில் நசுக்கினால் போயிற்று. உள்ளே இழை அடுக்குகள் பிரிந்துவிடும், வெளியே பெயின்டில் ஒரு கோடுகூட விழாது. போன மழைக்காலத்தில் எங்கள் குழுவில் ஒருவருக்கு இப்படி ஆனது. குழாயை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனோம். எல்லா இடத்திலும் ‘டிங்’ என்றது, கிளாம்ப் இருந்த இடத்தில் மட்டும் ‘தொப்’ என்றது.

எனக்கு வேண்டியவை: இந்த மூன்று வகைக்கும் பெயர், கிளாம்பை இறுக்கும் திருகு ஓர் அளவுக்குமேல் இறுகாமல் வெறுமே சுற்றுகிறதே, அதற்கு ஒரு பெயர். ஓட்டுநருக்குப் புரிய வேண்டும் என்பதே முதல் நிபந்தனை.

அன்புடன்,
மலைவழி

---

பைந்தமிழ் எழுதியது:

அம்மா, நல்ல பணி. வாழ்த்துகள்.

ஃபோர்க் என்பதற்குத் தேடி அலைய வேண்டாம். கவை என்ற சொல் ஈராயிரம் ஆண்டாக நம்மிடம் உள்ளது. குறுந்தொகை 324ஆம் பாட்டில் ‘கவைமக நஞ்சுண் டாஅங்கு’ என்று வருகிறதே, அந்தத் தொடராலேயே புலவருக்குக் கவைமகன் என்று பெயர். ஒன்றிலிருந்து இரண்டாகப் பிரிவது கவை. கவடு, கவட்டை எல்லாம் இந்தக் குடும்பமே. கவ்வுதலும் அதே வேர் என்பது என் துணிபு. இரண்டு பிரிவு இருந்தால்தானே நடுவில் ஒன்றைக் கவ்வ முடியும்? வாயும் கவை, இடுக்கியும் கவை. இன்னும் ஒருபடி மேலே போனால், ‘கவ்வையாற் கவ்விது காமம்’ என்னும் குறளில் (1144) ஊரார் வம்புப் பேச்சான அலரைக் கவ்வை என்கிறாரே வள்ளுவர், அதுவும் ஆளைப் பிடித்துக்கொள்வது என்ற பொருளில் பிறந்ததாகலாம்.

ஆகவே: சட்டகக்கவ்வி, கவைப்பூட்டு, உருளிப்பிடி. சைக்கிள் என்று எழுதாமல் மிதிவண்டி என்றே எழுதுங்கள்.

---

பட்டறை எழுதியது:

> உருளிப்பிடி

ஐயா, மன்னிக்கணும். மதுரையில சைக்கிள் பட்டறை வச்சிருக்கேன், அதனால கேக்கிறேன். உருளின்னு எழுதினா ஓட்டுநருக்கு என்ன விளங்கும்? எங்க கடைக்கு வர்றவங்க வீல், ரிம், போர்க், பிரேம்னுதான் சொல்றாங்க. மேல இருக்கிற குழாய்க்குப் ‘பார்’. சின்னப் பிள்ளைய உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறது பார்லதானே. கார் மேல இருக்கிறதுக்கு ‘கேரியர்’. பெட்டி படுக்கை கட்டுற அதே கேரியர்தான் அவங்களுக்கு.

பெயர் எதுவா இருந்தாலும் துண்டறிக்கையில இதையும் சேருங்க அக்கா. பட்டை கட்டுற இடத்தைத் துடைச்சிட்டுக் கட்டணும். மண்ணும் தூசியும் பட்டைக்கு அடியில சிக்கிட்டா, மலை ஏறி முடிக்கிறதுக்குள்ள பெயின்ட்ட உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச கணக்கா எடுத்துரும். ரெண்டு சைக்கிள் பக்கத்துல பக்கத்துல நின்னா, ஒண்ணோட பெடல் இன்னொண்ணோட பிரேம இடிக்காம, பெடல் மாட்டியிருக்கிற கிராங்க்க திருப்பி வைக்கணும். அலுமினியக் குழாய்ல நடுப்பகுதிய ரொம்ப மெல்லிசாத்தான் இழுத்திருப்பாங்க. பெடல் ஒரு தடவ இடிச்சாப் போதும், பள்ளம் விழுந்துரும்.

இன்னொண்ணு, டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில முன்சக்கரத்தக் கழட்டினா, பிரேக் பேடுக்கு நடுவுல ஒரு துண்டு பிளாஸ்டிக்கோ அட்டையோ செருகணும். இல்லேன்னா வழியில யாராவது லீவர அமுக்கிட்டா ரெண்டு பேடும் ஒட்டிக்கும், சக்கரம் திரும்பப் போகாது.

---

வடலி எழுதியது:

ரொறன்ரோவில இருந்து வணக்கம். யாழ்ப்பாணத்தில எங்களுக்கும் பிறேம், பார், கரியர்தான். அரசாங்கத் தாளில மட்டும் ‘துவிச்சக்கர வண்டி’. அந்தப் பேரில ஒருத்தரும் வீட்டில சைக்கிளைக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் பத்திரத்தில எழுதேக்க அதுதான் கைக்கு வரும். பேச ஒண்டு, எழுத ஒண்டு எண்டு இருக்கிறதில பிழை ஒண்டும் இல்லை எண்டதுக்குத்தான் இதைச் சொல்லுறன்.

அக்கா மூண்டு வகை எண்டு எழுதியிருக்கிறா. நாலாவது ஒண்டும் இருக்கு. இஞ்ச கனபேர் காரின்ர பின்பக்கக் கொக்கியில மாட்டுற ரேக்கைத்தான் பாவிக்கினம். அதில மேல் பாரைப் பிடிச்சுச் சைக்கிளைத் தொங்க விடுற வகை ஒண்டு. பார் சரிஞ்சிருக்கிற பெண்கள் சைக்கிள் அதில நேராய்த் தொங்காது. சீற்றுத் தண்டுக்கும் ஹாண்டில் கழுத்துக்கும் இடையில ஒரு துணைக்கம்பி போட்டுத்தான் தொங்க விட வேணும். புகைக்குழாய்க்கு நேர டயர் நிக்கக் கூடாது, நீண்ட ஓட்டத்தில சூட்டில பழுதாப் போகும். பின்னால மாட்டினா நம்பர் பிளேற்றும் லைற்றும் மறையும், அதுக்கும் ஒரு வரி போடுங்கோ.

‘தொங்குபிடி’ எண்டு சொல்லலாமோ?

---

சொற்கிடங்கு எழுதியது:

நண்பர்களே, குழுவின் சொற்பட்டியலைப் பேணுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ‘தொங்குபிடி’யைப் பார்த்ததும் வழி தெளிந்தது. ரேக் என்ற பொருளுக்குப் பெயர் தேடுவதை விடுவோம். அது தாங்கியா ஏந்தியா என்று இந்தக் குழுவில் ஏற்கெனவே போதுமான அளவு பேசியாகிவிட்டது. ஓட்டுநர் தெரிந்துகொள்ள வேண்டியது, இது சைக்கிளை எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது மட்டுமே. பிடிக்கும் இடமே பெயராகட்டும்.

சட்டகப்பிடி – குழாயைப் பிடிப்பது.
கவைப்பிடி – ஃபோர்க் நுனியைப் பிடிப்பது.
சக்கரப்பிடி – டயரைப் பிடிப்பது.
தொங்குபிடி – தொங்கவிட்டுப் பிடிப்பது.

பிடி என்பது முதனிலைத் தொழிற்பெயர். கருவிக்கு ஆகிவருவது கைப்பிடியிலேயே உள்ள வழக்கம். ‘கார்பன் சைக்கிளுக்குச் சக்கரப்பிடி மட்டும்’ என்று எழுதினால் விளக்கமே தேவைப்படாது.

கவ்வையைப் பற்றி: குறளில் அது அலர். பிடித்தல் பொருளோடு அதை இணைக்க வேறு சான்று வேண்டும் ஐயா.

---

பைந்தமிழ் எழுதியது:

சான்று தனி இழையில் தருகிறேன். ‘பிடி’ என்று நிறுத்தினால் பெண்யானை என்றும் பொருள்படும். நீலகிரிச் சாலையில் வைக்கும் பெயர் என்பதால் நினைவூட்டுகிறேன், தடுக்கவில்லை.

ஆனால் சைக்கிள், ரேக், கிளாம்ப் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது வேற்றுமை உருபு மட்டுமே. வண்டியும் அச்சும் பாரமும் நமக்குப் புதியவையா? உப்பு வணிகர் வண்டி மேடு ஏறுமோ பள்ளம் இறங்குமோ, வழியில் என்ன ஆகுமோ என்று ‘கீழ்மரத்து யாத்த சேம அச்சு’ கட்டிக்கொண்டு போனதை ஔவையார் புறநானூறு 102இல் பாடுகிறார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழும்போது. உதிரி அச்சு என்று இன்று சொல்வதற்கு ‘சேம அச்சு’ எவ்வளவு அழகான சொல்! அதை மீட்டெடுக்க யாருமில்லை. பாரம் மிகுந்தால் ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளை (475) அந்தத் துண்டறிக்கையின் தலைப்பிலேயே போடலாம்.

---

மலைவழி எழுதியது:

ஐயா, அந்தக் குறளைக் கட்டாயம் போடுகிறேன். கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று காரின் கையேட்டில் இருக்கும். அந்தக் கணக்கில் ரேக்கின் எடையும் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மின்சார சைக்கிள் ஒன்றே 20 கிலோவுக்கு மேல் வரும். பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் கொஞ்சம் குறையும். அந்தப் பத்திக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது.

அச்சு என்றதும் இன்னொரு சிக்கல் நினைவுக்கு வருகிறது. கவைப்பிடியில் பழைய குயிக் ரிலீஸ் (நெம்பைத் திருப்பியே சக்கரத்தைக் கழற்றும்) கவை நேரே பொருந்தும். இப்போது வருபவற்றில் கவையின் இரு நுனிகளுக்குள்ளும் ஊடுருவிப் போகும் கனமான அச்சு. சாலைச் சைக்கிளில் 12 மில்லிமீட்டர், மலைச் சைக்கிளில் பெரும்பாலும் 15. அதற்கு ஏற்ற இணைப்பு இல்லாமல் எப்படியாவது பூட்டிப் பார்த்தால் கவையின் நுனி நசுங்கும். அதை ‘ஊடச்சு’ எனலாமா?

சட்டகம் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் ஓட்டுநர் இருவரிடம் ‘சட்டகப்பிடி’ என்று எழுதிக் காட்டினேன். ஒருவர் ‘போலீஸ் சமாச்சாரமா மேடம்?’ என்று கேட்டார். சக்கரப்பிடி இருவருக்கும் உடனே புரிந்தது.

---

சொற்கிடங்கு எழுதியது:

ஊடச்சு அருமை. பட்டியலில் ஏற்றிவிட்டேன்.

கதவுச் சட்டம், படச் சட்டம் எல்லாம் தச்சர் வாயில் இன்றும் இருப்பவை. சட்டம் என்றால் காவல் நிலையம் மட்டும் நினைவுக்கு வருவது செய்தித்தாள் பழக்கத்தால் வந்தது. சட்டகம் என்பதற்கு உடல் என்ற பொருளும் உண்டு. சைக்கிளின் உடல்தானே ஃபிரேம்? பொருள் நன்றாகவே நிற்கிறது.

---

பட்டறை எழுதியது:

பொருள் நிக்குதுங்க அண்ணே, ஆனா அந்த ஓட்டுநர் காலைல நாலு மணிக்கு டார்ச் வெளிச்சத்துல இதப் படிக்கப் போறாரு. அவருக்குப் ‘பிரேமைக் கவ்வாதே’ன்னு எழுதுங்க.

போர்க்குக்குக் கவைன்னா தெரியாது, கவட்டைன்னா தெரியும். எங்க பக்கம் பையங்க குருவி அடிக்கிறது கவட்டைதான்.

---

மலைவழி எழுதியது:

இங்கே அதற்கு உண்டிவில். கவட்டையைக் ‘கவுட்டி’ என்று படித்துவிட்டால் தாளை நீட்டவே கூச்சமாகிவிடும். அது வேண்டாம் தம்பி.

திருகுக்கு இன்னும் யாரும் பெயர் சொல்லவில்லையே. நாளை மறுநாள் அச்சு.

---

சொற்கிடங்கு எழுதியது:

பள்ளிப் பாடநூலில் டார்க்குக்கு, அதாவது திருகும் பலத்துக்கு, திருப்புவிசை என்று இருக்கிறது. ‘திருப்புவிசை வரம்பி’ என்பது துல்லியமான சொல். நீளம் என்றால் ‘நழுவுதிருகு’ எப்படி? அளவு வந்ததும் பிடி நழுவி வெறுமே சுற்றும் திருகு.

---

பைந்தமிழ் எழுதியது:

நழுவுதிருகு! நழுவிய, நழுவுகின்ற, நழுவும் என்று முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. இந்த இழையில் பிறந்தவற்றுள் இதுவே நற்சொல். முழு மனத்தோடு ஏற்கிறேன்.

---

மலைவழி எழுதியது:

சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ‘நழுவு’ என்று ஓட்டுநர் கண்ணில் பட்டால், ஏதோ பழுதான திருகு என்று நினைத்து இன்னும் பலமாக இறுக்குவார். நான் அஞ்சுவதே அதற்குத்தான். கைப்பலத்தை நம்பி ஒரு அரைச்சுற்று கூடுதலாகத் திருகுவதில்தான் குழாய்கள் போகின்றன. சைக்கிளில் கார்பன் பாகங்களைப் பிடிக்கும் பல மரைகளின் பக்கத்தில் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். ரெஞ்சை இரண்டு விரலால் இழுக்கிற அளவுதான் அது.

---

வடலி எழுதியது:

அக்கா சொல்லுறதில ஞாயம் இருக்கு. பேரை விட்டிட்டுச் சத்தத்தைச் சொல்லுங்கோ. ‘கடகட எண்டு சத்தம் வந்தவுடன கையை எடுங்கோ.’ தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆருக்கும் விளங்கும்.

---

மலைவழி எழுதியது:

வணக்கம். நேற்றிரவு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். துண்டறிக்கையில் உள்ள வரிகள்:

‘கார்பன் சைக்கிளுக்குச் சக்கரப்பிடி மட்டுமே. பிரேம் குழாயைக் கவ்வும் கிளாம்ப் போடக் கூடாது.’
‘முன்சக்கரத்தைக் கழற்றி ஏற்றினால், பிரேக் பேடுகளுக்கு நடுவே அட்டை செருகவும்.’
‘பட்டை கட்டும் இடத்தைத் துடைத்த பிறகே கட்டவும். பெடல் அடுத்த சைக்கிளில் இடிக்கிறதா என்று பார்க்கவும்.’
‘திருகு கடகடவென்று சுற்றினால் போதுமான அளவு இறுகிவிட்டது. அதற்குமேல் திருக வேண்டாம்.’
‘பத்து நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி, எல்லாப் பிடியையும் ஒருமுறை கையால் ஆட்டிப் பார்க்கவும்.’

குறள் எடைப் பத்திக்கு மேலே இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

---

சொற்கிடங்கு எழுதியது:

பட்டியலில் பதிந்தவை: சக்கரப்பிடி, தொங்குபிடி, ஊடச்சு. இவற்றுக்கு மறுப்பு வரவில்லை. சட்டகப்பிடிக்கு மூவர் ஆதரவு, பட்டறையும் மலைவழியும் எதிர்ப்பு. ‘பரிந்துரை’ என்ற குறியோடு வைக்கிறேன். கவைப்பிடியும் அப்படியே. திருகு நிலுவையில்.

---

பைந்தமிழ் எழுதியது:

கவைக்குப் பரிந்துரைக் குறி போட்டதை ஏற்க மாட்டேன். புழக்கத்தில் இல்லை என்பது காரணமானால், சக்கரப்பிடியும் திங்கட்கிழமை வரை புழக்கத்தில் இல்லை. ஒரு தாளில் அச்சானால் அது வழக்குக்கு வரும் என்றால் கவையையும் அதே தாளில் அச்சிட்டிருக்கலாம். அடுத்த பதிப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கவ்வை பற்றிய சான்றுகளை இன்று மாலை அனுப்புகிறேன்.