உதிரி பொம்மை கேட்டு வந்தவர்கள்

விளாச்சேரி மருமகள்:

பட்டறைக்கு வந்தவர்களில் மறக்க முடியாதவர் யார் என்ற கேள்விக்குப் பலரும் பேரம் பேசியவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். மதுரையில் பேரம் பேசாமல் போன ஒருவர் இருந்தால் அவரைப் பற்றி எழுதுங்கள், ஆசையாகப் படிக்கிறேன். நான் உதிரி, அதாவது செட்டில் ஒரே ஒரு பொம்மையை மட்டும் கேட்டு வந்தவர்களைச் சொல்கிறேன்.

கொலு பொம்மை செய்கிற வீட்டில் உதிரி என்பது கெட்ட வார்த்தை. தசாவதாரம் என்றால் பத்தும் ஒரே பெட்டி. அஷ்டலட்சுமி எட்டு. கல்யாண செட் என்றால் மாப்பிள்ளை, பெண், புரோகிதர், நாதஸ்வரக்காரர், பந்தியில் உட்கார்ந்திருக்கும் சம்பந்திகள் வரை. ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டால் மிச்சம் அத்தனையும் பரணில்தான் கிடக்கும். என் மாமனார் இதில் கறார். தசாவதாரத்தில் கூர்மம் மட்டும் கிடைக்குமா என்று கேட்டு வந்தவரிடம், "ஆமையை உங்களிடம் கொடுத்துவிட்டால் மலையை யார் தாங்குவது?" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் அவர்.

நான் பிறந்தது மானாமதுரை. சக்கரத்தில் வனைகிற ஊர், கடம் தட்டுகிற ஊர். அங்கே எல்லாமே உதிரிதான். ஒரு கடம் இன்னொரு கடம் போல இருக்காது. வாசிப்பவர் வந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தன் சுருதிக்குச் சேர்வதை எடுத்துப் போவார். நான் வாக்கப்பட்டு வந்த விளாச்சேரியில் வேலை அச்சில். முன்பக்கத்துக்கு ஓர் அச்சு, பின்பக்கத்துக்கு ஓர் அச்சு. மிதித்துப் பதப்படுத்திய கண்மாய் மண்ணைச் சப்பாத்தி போலத் தட்டி இரண்டிலும் அழுத்த வேண்டும். விளிம்பில் மண்குழம்பு தடவி ஒட்டி, உள்ளே கூடாக விட்டு, அடியில் ஒரு துளை போட வேண்டும். துளை போட மறந்தால் சூளையில் அது வெடிப்பதோடு பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைத்துவிடும். வந்த புதிதில் இதை நான் இரண்டு முறை செய்து காட்டியிருக்கிறேன்.

மாமனார் தவறிய மறு வருடம், ஆடி மாதக் கடைசியில், வடக்கு ஆவணி மூல வீதியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துணிப்பையில் வேட்டி சுற்றிய ராமர். இன்னொரு பொட்டலத்தில் இடுப்போடு இரண்டாக உடைந்த லட்சுமணன். பட்டாபிஷேக செட், அவருடைய அம்மா வாங்கியதாம். பேரன் பந்து விளையாடியிருக்கிறான். "லட்சுமணன் இல்லாமல் ராமரை வைக்க மனம் வரவில்லை அம்மா" என்றார். வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

உடைந்ததைப் பசை போட்டு ஒட்டி, அதன்மேலேயே அச்சு எடுத்து, மண் அழுத்தி, நிழலில் ஒரு வாரம் காயவைத்துச் சூளையில் வைத்தேன். வெளியே வந்த லட்சுமணன் அழகாகத்தான் இருந்தான். ராமர் பக்கத்தில் நிறுத்தியதும் எனக்கு வயிறு கலங்கியது. ராமர் 11 அங்குலம். லட்சுமணன் 10 அங்குலமும் ஒரு நூலும் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு).

மண் சுருங்கும் என்பது குயவன் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பானைக்குப் பக்கத்தில் அண்ணன் நிற்பதில்லை. எங்கள் மண் காயும்போதும் சுடும்போதுமாகச் சேர்த்து 100-க்கு 8 பங்கு சுருங்குகிறது. பழைய பொம்மையின் அளவிலேயே புதியது வேண்டுமென்றால் 12 அங்குலத்தில் முதல் உருவைப் பிடித்து, அதன்மேல்தான் அச்சு எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் திரும்பி வந்து பார்த்து இதைச் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் பொறுக்கவில்லை.

நவராத்திரிக்கு நான்கு நாள் இருக்கும்போது பெரியவர் வந்தார். இரண்டையும் திண்ணையில் வைத்துவிட்டு நான் உள்ளே போய் நின்றுகொண்டேன். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு, "தம்பிதானே, அண்ணனைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நிற்பது முறைதான்" என்று சொல்லிப் பணத்தை எண்ணி வைத்தார். எனக்கு உறுத்தல் போகவில்லை. அடுத்த வருடம் சரியான உயரத்தில் இன்னொரு லட்சுமணனைச் செய்து, நானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குட்டையானவனைத் திருப்பிக் கேட்டேன். தர மறுத்துவிட்டார். "அவன் இனிமேல் சத்ருக்கனன். இரட்டைப் பிள்ளைகள் ஒரே முகமாகத்தானே இருப்பார்கள்?" செட்டில் இல்லாத ஒருவன் அந்த வீட்டுக் கொலுவில் இன்றைக்கும் நிற்கிறான்.

அதற்குப் பிறகுதான் உதிரி கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்வதை விட்டேன். வந்தவர்கள் எல்லோரும் கதைக்கு ஆனவர்கள் இல்லை. பசுமலையிலிருந்து ஓர் அம்மா கார்த்திகை மழையில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஓர் ஆடு கேட்டு வந்தார். கொட்டுகிற மழையில் மண் காயவில்லை, ஆட்டை அடுப்பங்கரையில் வைத்துக் காயவைத்தேன். நூற்றைம்பது ரூபாய் ஆட்டுக்கு ஆறு நாள் காவல். பரிதிமாற் கலைஞர் நினைவு இல்லத்தைப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் வழி கேட்டுப் பட்டறைக்குள் நுழைந்து, கிரிக்கெட் செட்டில் நடுவரை மட்டும் கேட்டார்கள். அது எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

வந்திக் கிழவி கேட்டு வந்த டீச்சரைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பிட்டுக்கு மண் சுமந்த செட் அவரிடம் இருந்தது. கூடை தூக்கிய சிவன், பிரம்போடு பாண்டியன், கரையில் இரண்டு கூலியாட்கள் எல்லாம் பத்திரம். பிட்டு அவிக்கிற வந்தி மட்டும் இல்லை. அந்த செட் எங்கள் பட்டறையுடையதும் இல்லை, அச்சு எங்கும் இல்லை, படமும் இல்லை. புதிதாகவே பிடிக்க வேண்டும். 1,200 ரூபாய் சொன்னேன்.

"முழு செட்டே 2,400-தானே, ஒரு கிழவிக்கா இவ்வளவு?" என்றார்.

கணக்குச் சொன்னேன். உரு பிடிக்க இரண்டு நாள், அச்சு ஊற்றிக் காய ஒரு நாள். ஒன்று விரிசல் விட்டாலும் இன்னொன்று இருக்க வேண்டுமே என்று ஐந்து அழுத்த வேண்டும். பிறகு வெள்ளை அடித்து, வண்ணம் தீட்டி, மற்ற பொம்மைகளின் வார்னிஷ் பழுத்திருக்கும் மஞ்சளுக்கு இதையும் பழுக்கவைக்க வேண்டும். செட்டில் இந்த உழைப்பு ஐம்பது பெட்டிக்குப் பிரியும். உதிரியில் ஒருத்தி தலையிலேயே விழும். டீச்சர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உதிர்ந்த பிட்டு போதும் என்று கூலி பேசியவர் கதைக்கு நீ உதிரிக்கு இரட்டைக் கூலி கேட்கிறாய்" என்றார். எனக்கும் பதில் இருந்தது. வந்தி அவித்த பிட்டு அத்தனையும் உதிரும்படி பார்த்துக்கொண்டவர் ஆயிற்றே சிவன், கூலியில் அவரும் ஒன்றும் ஏமாளி இல்லை. 1,100-க்கு முடிந்தது.

ஐந்தும் விரிசல் இல்லாமல் வந்துவிட்டன. மிச்சம் நான்கை அந்த வருடக் கொலுச் சந்தையில் விற்றேன். அங்கேதான் வினை.

இரண்டு வருடம் கழித்து டவுனுக்குள் ஒரு கடையில் என் வந்தியைப் பார்த்தேன். கடை எது என்று இங்கே சொல்லப்போவதில்லை. வேறு சேலை, வேறு வண்ணம். முந்தானை ஓரத்தில் ஒரு பிறை வடு மட்டும் அப்படியே இருந்தது. உரு பிடிக்கும்போது என் வளையல் பட்டு விழுந்த வடு. அழிக்காமல் விட்டிருந்தேன். என்ன விலை என்று கேட்டேன். 450 என்றார். "எங்கள் தாத்தா காலத்து அச்சு அக்கா, ராசியானது" என்றும் சொன்னார். வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அளந்து பார்த்தால், என் வந்தி 8 அங்குலம், இது ஏழுக்குக் கொஞ்சம் மேல். பொம்மைமேல் நேரடியாக அச்சு எடுத்து மண் அழுத்தியிருக்கிறார்கள். நான் லட்சுமணனுக்குச் செய்த அதே தப்பு. சண்டை போடப் போகலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது.

காகிதக்கூழ்க்காரன்:

அக்கா, உங்கள் மாமனார் பக்கம்தான் நான். உதிரி கொடுத்துப் பழக்கினால் நாளைக்கு எல்லோரும் உதிரிதான் கேட்பார்கள். எனக்கு ஒருமுறை நடந்தது: விஷ்ணு பொம்மைக்குப் பக்கத்தில் வைக்கிற துவாரபாலகரில் ஒருவரை மட்டும் கெஞ்சி வாங்கிக்கொண்டு போனார் ஒருவர். இன்னொரு துவாரபாலகர் ஐந்து வருடமாக என் வீட்டு வாசலைத்தான் காக்கிறார்.

இன்னொன்று. லட்சுமணனை ஏன் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஊற்றவில்லை? அது சுருங்காதே. அன்றைக்கே அளவு சரியாக வந்திருக்கும், சூளையும் வேண்டாம்.

சுங்குடி வீடு:

எங்களுக்கு நேர் எதிர்த் தொல்லை. அக்காவுக்கு வாங்கிய சேலையைப் போலவே தங்கைக்கும் வேண்டும் என்பார்கள். துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குகிறோம். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. ஒரே கை போட்டாலும் காலையில் போட்ட முடிச்சும் மாலையில் போட்ட முடிச்சும் ஒரே அளவில் இருக்காது. புள்ளி கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று ஒரு கல்யாண வீட்டார் சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கடையில் அச்சடித்த புள்ளியோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து ஒரு வரிசை முடிச்சுப் போட்டுக் காட்டினாள். மணப்பெண் தானும் ஒன்று போட்டுப் பார்த்தாள். அவிழ்ந்துவிட்டது. சேலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வருடா வருடம் கொலு வைக்கிறவர்:

அக்கா, என்னிடம் தசாவதாரம் இருக்கிறது, கூர்மம் இல்லை. புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் மாமியார் வாங்கியது. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகு அங்கேயும் விசாரித்துப் பார்த்தேன், செட்டாகத்தான் தருவார்களாம். போட்டோ அனுப்பினால் செய்து தருவீர்களா?

விளாச்சேரி மருமகள்:

முதலில் தம்பிக்கு. பிளாஸ்டர் சுருங்காது, உண்மை. ஆனால் கையில் எடுத்தால் கனம் வேறு, தட்டினால் ஓசை வேறு. ஓரம் லேசாகப் பெயர்ந்தால் உள்ளே வெள்ளை தெரியும், சுட்ட மண் பெயர்ந்தால் செம்மண் தெரியும். மண் ராமர் பக்கத்தில் பிளாஸ்டர் தம்பியை நிறுத்துவது ஒரு அங்குலக் குறையைவிடப் பெரிய குறை என்று எனக்குப் படுகிறது. உங்கள் துவாரபாலகருக்கு வேண்டுமானால் துணை ஒன்று செய்து தருகிறேன், அளவு சொல்லுங்கள்.

கொலு வைக்கிற அம்மாவுக்கு. போட்டோ வேண்டாம். போட்டோவில் உயரமும் தெரியாது, பழுத்த வண்ணமும் தெரியாது. மச்சத்தையும் வராகத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒன்பதையும் தூக்கிவர வேண்டாம், வழியில் இன்னொன்று உடைந்தால் எனக்குத்தான் வேலை கூடும். ஆடிக்கு முன்னால் வாருங்கள். புரட்டாசியில் வந்து நின்றால் பிள்ளையார் விற்ற களைப்பில் யாரும் உங்களோடு பேசமாட்டோம். விலையைக் கேட்டு அதிர்ச்சி அடைய மாட்டேன் என்று வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு வாருங்கள்.

கூர்மம் இதுவரை நான் பிடித்ததில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று சாயங்காலம் சும்மா ஓர் ஆமையைப் பிடித்துப் பார்த்தேன். ஓட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் மண் தடிமன் ஒன்றுபோல வரவில்லை, அந்த இடத்தில்தான் விரிசல் விடும் என்று நினைக்கிறேன். ஈரத்துணி போட்டு மூலையில் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, அப்பா இருந்திருந்தால் மலை எங்கே என்று கேட்டிருப்பார் என்றார்.